வெற்று அட்டை

ஜனவரி 8

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நான், உன் அண்ணி, குட்டி மூவரும் நலம். நான் குத்துக்கல் மாதிரி இருக்கிறேன். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? நாள் முழுக்க நின்றபடி மருந்து கொடுக்கிறவளுக்கு ஒரு ஸ்டூல் போட உன் முதலாளிக்கு மனசு வந்ததா இல்லையா?

விஷயத்துக்கு வருகிறேன். போனிலேயே பேசலாம். ஆனால் தையல் கடையிலிருந்து பேசினால் கடைசி மெஷின்காரன் வரைக்கும் கேட்கும். வீட்டிலிருந்து பேசினால் உன் அண்ணி பாதியைக் கேட்டுவிட்டு மீதியை அவளாகச் சேர்த்துக்கொள்வாள். அதனால்தான் கடிதம்.

குட்டிக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. உங்கள் ஊர்தான். உன் கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கும் சர்வேயர் வீட்டுப் பையன். கட்டட வரைபடம் போடும் வேலை. இரண்டு தடவை இங்கே வந்து பேசிவிட்டுப் போனான். குட்டி இப்போதெல்லாம் பாத்திரம் கழுவும்போது பாடுகிறாள். அவள் பாத்திரம் கழுவுவதே அதிசயம் என்று உனக்குத் தெரியும். எனக்கும் பையனைப் பிடித்திருக்கிறது. நான் காலரைப் பார்த்து ஆளைச் சொல்கிறவன். சுத்தமான காலர்.

ஆனாலும் ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது, இல்லையா? அவர்கள் வீட்டு மருந்தெல்லாம் உன் கடையில்தானாம். உன் மாதாந்திர நோட்டைக் கொஞ்சம் புரட்டிப் பார். பையனுக்கு ஏதாவது தொடர்ந்து போகிறதா? ஒரு வரி போதும். போன வருஷம் அச்சகக்காரர் மகனைப் பற்றிக் கேட்டபோது, 'இருமல் மருந்தைத் தவிர அந்த வீட்டுக்கு வேறெதுவும் போனதில்லை' என்று எழுதினாயே, அந்த மாதிரி. அந்தச் சம்பந்தம் வேறு காரணத்தால் நின்றுபோனது, அது கிடக்கட்டும். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். நீ பார்க்காமல் வேறு யார் பார்ப்பார்கள்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


ஜனவரி 19

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். அங்கே எல்லோரும் நலமாக இருக்க விரும்புகிறேன். ஸ்டூல் இன்னும் வரவில்லை. 'நீ உக்காந்துட்டா கடையே தூங்குற மாதிரி இருக்கும்மா' என்கிறார் முதலாளி. அவர் மட்டும் மெத்தை வைத்த நாற்காலியில் உட்கார்ந்து சொல்கிறார்.

குட்டி பாடுகிறாள் என்று படித்ததும் சிரித்துவிட்டேன். சந்தோஷம் அண்ணா.

நீங்கள் கேட்டதை என்னால் செய்ய முடியாது. ஒருவர் சீட்டை நீட்டும்போது மருந்துக்காக நீட்டுகிறார். நான் படித்துவிட்டு அண்ணனுக்கு எழுத வேண்டும் என்று நீட்டுவதில்லை. போன வருஷம் அந்த ஒரு வரியை எழுதியதே தப்பு. நல்ல சேதிதானே என்று நினைத்து எழுதிவிட்டேன். கெட்டதோ நல்லதோ, அது அந்த வீட்டுச் சொத்து. இனிமேல் எந்த வீட்டைப் பற்றியும் கேட்காதீர்கள்.

இன்னொன்று. உங்கள் எழுத்து ஏன் இப்படிச் சிறுத்துப் போயிருக்கிறது? முதல் வரி பெரிதாக இருக்கிறது, கடைசி வரிக்கு வருவதற்குள் எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிட்டது. தாளை மிச்சம் பிடிக்கிறீர்களா?

அண்ணியையும் குட்டியையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தங்கை


ஜனவரி 25

தங்கைக்கு,

நலம். கண்ணாடி மாற்ற வேண்டும், எழுத்து அதனால்தான். வேறொன்றுமில்லை.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். போன வருஷம் கேட்டேன், ஒன்றும் இல்லை, அதனால் சட்டென்று சொல்லிவிட்டாய். இந்த வருஷம் கேட்டால் பாடம் நடத்துகிறாய். இதில் என்ன தெரிகிறது? மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம். பையனுக்கு ஏதோ இருக்கிறது. உனக்குத் தெரிந்திருக்கிறது. சொல்ல வாய் வரவில்லை.

சரி, நீ சொல்லவே வேண்டாம். ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். ஒன்றும் இல்லையென்றால் ஒரு தபால் அட்டையை எதுவும் எழுதாமல் என் விலாசத்துக்கு அனுப்பு. வெற்று அட்டை. யாரும் உன்னை ஒன்றும் கேட்க முடியாது. பதினைந்து நாளில் அட்டை வந்தால் மேற்கொண்டு பேசுவேன். வராவிட்டால் விட்டுவிடுவேன்.

சொல்லிக்காட்டுவதாக நினைக்காதே. உன்னை மருந்தாளர் படிப்புப் படிக்க வைத்தது இந்தக் கைதான். மூன்று வருஷம் பகலில் கடை வேலை, விடியற்காலையில் சொந்த வேலை. அந்தக் கை ஒரு வெற்று அட்டை கேட்கிறது. அவ்வளவுதான்.

அண்ணன்


பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், நலமறிய ஆவல்.

வெற்று அட்டை அனுப்ப மாட்டேன். அனுப்பினால் ஒன்றும் இல்லை என்று சொன்னதாகிவிடும். அனுப்பாவிட்டால் ஏதோ இருக்கிறது என்று நீங்கள் எடுத்துக்கொள்வீர்கள். என்னை வாயைத் திறக்க விடாமலே சொல்ல வைக்கப் பார்க்கிறீர்கள். அளவு எடுக்காமலே சட்டை தைக்கிற புத்தி.

அதனால்தான் இதை இரண்டு பக்கமும் நிரப்பி எழுதுகிறேன். நான் ஒன்றும் சொல்லவில்லை என்றால், ஒன்றும் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம். அச்சகக்காரர் வீட்டைப் பற்றி நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், இன்று என் மௌனம் உங்களுக்கு மௌனமாகவே தெரிந்திருக்கும். அன்று செய்த தப்பு இன்று யாரோ ஒரு பையன் தலையில் விழுகிறது. அது என் குற்றம், ஒத்துக்கொள்கிறேன்.

மாதா மாதம் மருந்து வாங்குகிறவர்களுக்கு ஆளுக்கொரு அட்டைப் பெட்டி வைத்திருக்கிறோம் இல்லையா, பெயரும் மருந்தும் வெளியே தெரிகிற மாதிரி? நேற்று எல்லாவற்றையும் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டேன். முதுகில் எண் மட்டும். கல்லாவுக்கு முன்னால் தரையில் ஒரு மஞ்சள் கோடும் போட்டேன். ஒருவர் பேசும்போது அடுத்தவர் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும். 'இதென்ன ஓட்டப் பந்தயமா?' என்று கேட்டார் முதலாளி. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பையனைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் பையனிடம் கேளுங்கள். இல்லை, குட்டியைக் கேட்கச் சொல்லுங்கள். அதுதான் முறை.

உங்கள் கையை நான் மறக்கவில்லை அண்ணா. கண்ணாடியைச் சீக்கிரம் மாற்றுங்கள்.

தங்கை


பிப்ரவரி 20

தங்கைக்கு,

எல்லோரும் நலம்.

அட்டை வரவில்லை. போன வாரம் சர்வேயர் வீட்டுக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார்கள். விடாமல் கேட்டார்கள். பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்? 'எந்தங்கச்சி உங்க ஊரு மருந்துக்கடையிலதான் இருக்கா. எங்களுக்குத் தெரிய வேண்டியது தெரியும்' என்று சொன்னேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன்னை மாட்டிவிட வேண்டும் என்று நினைக்கவும் இல்லை.

குட்டி ஆறு நாளாக என்னோடு பேசவில்லை. தட்டை மேஜையில் வைக்கிற சத்தத்திலேயே திட்டுகிறாள். உன் அண்ணி நடுவில் நின்று இரண்டு பக்கமும் பெருமூச்சு விடுகிறாள். பெற்றவனுக்கு இருக்கிற பயம் உங்கள் யாருக்கும் புரியாது. கல்யாணமான பிறகு பூனைக்குட்டி வெளியே வந்தால் யார் பொறுப்பு? முன்கூட்டியே சொல்லத் தெம்பில்லாத ஆள் எனக்கு மாப்பிள்ளையாக வேண்டாம்.

எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. கடையில் பள்ளி யூனிபார்ம் வேலை தொடங்கிவிட்டது, அதனால் இருக்கும்.

அண்ணன்


மார்ச் 2

அண்ணனுக்கு,

இந்தத் தடவை நலம் விசாரிக்கப் போவதில்லை.

சர்வேயர் வீட்டம்மா சனிக்கிழமை கடைக்கு வந்தார். கடை நிறைய ஆட்கள். மஞ்சள் கோட்டை மிதித்துக்கொண்டு நேராக என் முன்னால் வந்து நின்றார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

'எம் பையனைப் பத்தி உங்க அண்ணன்கிட்ட என்னம்மா சொன்னே? நம்பித்தானே உங்கிட்ட சீட்டைக் குடுத்தோம்?' என்று கேட்டார்.

நான் ஒன்றுமே சொல்லவில்லை என்றேன். சத்தியமான வார்த்தை, யாரும் நம்பவில்லை. வரிசையில் நின்ற ஒரு பெரியவர் தன் சீட்டை மெதுவாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனார். அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அன்றிலிருந்து எட்டுக் குடும்பங்கள் வேறு கடைக்குப் போய்விட்டன. எட்டுப் பெட்டிகள் காலி.

மறுநாள் பையனே வந்தான். கடைக்குப் பின்னால் சரக்கு வைக்கும் அறையில் பேசினோம். அவன் சம்மதித்தால், என்ன எழுதப் போகிறேன் என்று அவனிடம் முதலில் காட்டிவிட்டு உங்களுக்கு மட்டும் எழுதுவதாகவும், அவன் கையெழுத்துப் போட்டால்தான் அனுப்புவதாகவும் சொன்னேன். 'ஒண்ணும் இல்லேன்னு எழுதறதுக்கும் எங்கிட்ட கேக்கணுமாக்கா?' என்றான். ஆமாம் என்றேன். 'அப்ப வேணாம்க்கா. இருக்கோ இல்லையோ, நான் சொல்ல வேண்டியது ஒருத்தர்கிட்டதான். அவங்க கேட்டா சொல்றேன்' என்றான்.

முதலாளி, 'மூணு மாசம் பாக்குறேன், அதுக்குள்ள ஆளுங்க திரும்பி வரலேன்னா நீ வேற இடம் பாத்துக்கம்மா' என்று சொல்லிவிட்டார். சொல்லாத ஒன்றைச் சொன்னதாக என் வாயில் வைத்துவிட்டீர்கள் அண்ணா. பதினெட்டு வருஷம் இந்தக் கல்லாவுக்குப் பின்னால் நின்று சம்பாதித்தது ஒரே பேர். அதை ஒரே வாக்கியத்தில் கத்தரித்துவிட்டீர்கள்.

தங்கை


ஏப்ரல் 30

தங்கைக்கு,

நீ நலமா? இரண்டு மாதமாக எழுதவில்லை. பல தடவை உட்கார்ந்தேன். என்ன எழுதுவது என்று தெரியாமல் எழுந்துவிட்டேன்.

நான் எழுதுவது என் நண்பர் ஒருவருக்காக. கையால் வேலை செய்கிறவர். ஒரு வருஷமாக வலது கை சும்மா இருக்கும்போது ஆடுகிறதாம். டாக்டரிடம் போனார். அவர் இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார், அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார். நண்பரால் எதையும் கேட்க முடியவில்லை. இங்கே இருக்கிற மருந்துக்கடைக்காரர் மருந்தின் பேரையும் வியாதியின் பேரையும் தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி ஏலம் போடுகிறவர். தொழில் விஷயம், வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று நண்பர் பயப்படுகிறார். பஸ் ஏறி வேறு ஊரில் மருந்து வாங்கியிருக்கிறார், இன்னும் பிரிக்கவில்லை. வீட்டிலும் யாருக்கும் தெரியாது.

சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். பேர் இருக்கிற இடத்தைக் கத்தரித்துவிட்டேன். எப்போது சாப்பிட வேண்டும்? எவ்வளவு நாள்? குணமாகுமா? நண்பர் ரொம்பத் தவிக்கிறார்.

அண்ணன்


மே 6

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உங்கள் கடிதம் இன்று காலை வந்தது. உடனே எழுதுகிறேன், உங்கள் நண்பரைக் காக்க வைக்கக் கூடாது.

மருந்தைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் எடுக்கச் சொல்லுங்கள். குமட்டினால் இரண்டு பிஸ்கட் சேர்த்துக்கொள்ளலாம். தினமும் அதே நேரம். நன்றாக இருக்கிறதே என்று தானாக நிறுத்தவே கூடாது, அது ஆபத்து. ஆரம்பத்தில் எழுந்து நின்றதும் தலை சுற்றலாம். கட்டிலிலிருந்து எழும்போது ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழட்டும். கை எந்தெந்த நேரத்தில் அதிகம் ஆடுகிறது என்று ஒரு தாளில் குறித்துவைத்து டாக்டரிடம் காட்டட்டும்.

குணமாகுமா என்று கேட்டிருக்கிறார். பொய் சொல்ல மாட்டேன். இந்த மருந்து வியாதியைத் துடைத்து எடுக்காது. ஆனால் கையை அடக்கி வேலை செய்ய விடும். பலருக்குப் பல வருஷம் விட்டிருக்கிறது, என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அவர் மறுபடியும் அந்த டாக்டரிடம் போக வேண்டும். இது என்ன வியாதி, இந்த மருந்து எதற்கு, வேறு வழி உண்டா, எல்லாவற்றையும் கேட்க வேண்டும். அது கெஞ்சிக் கேட்கிற விஷயம் இல்லை, அவருடைய உரிமை. கடையில் 'மெதுவாப் பேசுங்க' என்று சொல்வதும் உரிமைதான்.

வீட்டில் ஒரே ஒருவரிடமாவது சொன்னால் பாரம் குறையும். ஆனால் சொல்வதா வேண்டாமா என்பது அவர் இஷ்டம். சீட்டைத் திருப்பி வைத்திருக்கிறேன். நகல் எடுக்கவில்லை.

தங்கை


மே 28

அன்புள்ள அத்தைக்கு,

நலமா? இங்கே எல்லோரும் நலம் என்றுதான் எழுத வேண்டும்.

முதலில் நல்ல சேதி. நீங்கள் பிப்ரவரியில் அப்பாவுக்கு எழுதியதை அம்மா இப்போதுதான் காட்டினாள். 'குட்டியைக் கேட்கச் சொல்லுங்கள்' என்று எழுதியிருந்தீர்கள். கேட்டேன். நேரிலேயே கேட்டேன். அவர் எல்லாவற்றையும் சொன்னார். எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. கட்டினால் அவரைத்தான். என்ன சொன்னார் என்று அப்பாவிடமும் சொல்ல மாட்டேன், உங்களிடமும் சொல்ல மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது. அப்பாவுக்கு என்னவோ இருக்கிறது அத்தை. சட்டைப் பொத்தான் போட எவ்வளவோ நேரம் எடுத்துக்கொள்கிறார். போன வாரம் கடையில் அப்பா அடுக்கி வெட்டிய அறுபது மடிப்புத் துணி வீணாகிவிட்டதாம், சாக்பீஸ் கோடே வளைந்திருந்ததாம். நாங்கள் பார்த்தால் கையைப் பைக்குள் விட்டுக்கொள்கிறார். கேட்டால், 'உங்கம்மா போடுற காப்பியில நடுக்கம் வராம என்ன வரும்' என்று தமாஷ் பண்ணுகிறார். பீரோவில் துணிக்கு அடியில் உங்கள் கடைப் பேர் போட்ட கடித உறை ஒன்று இருக்கிறது. நான் பிரித்துப் பார்க்கவில்லை. உங்களுக்கு ஏதாவது தெரியுமா? ஒரு வரி எழுதினால் போதும் அத்தை. பயமாக இருக்கிறது.

குட்டி


ஜூன் 4

அன்புள்ள குட்டிக்கு,

நலம். உன் நல்ல சேதி படித்து அழுதுவிட்டேன். நீ என்னிடம் சொல்லாமல் இருந்ததற்குத்தான் ரொம்ப சந்தோஷம்.

அப்பாவைப் பற்றி என்னிடம் கேட்காதே. எனக்குத் தெரியும் என்றும் எழுத மாட்டேன், தெரியாது என்றும் எழுத மாட்டேன். இதை வைத்து எதையும் கூட்டிக் கழித்துப் பார்க்காதே. யாரைப் பற்றி யார் கேட்டாலும் இனிமேல் என்னிடமிருந்து இதே வரிதான் வரும். அந்த உறையைப் பிரிக்காமல் விட்டாயே, நீ என் மருமகள்தான்.

பயத்தை அப்பாவிடமே சொல். என்ன என்று கேட்க வேண்டாம். பயமாக இருக்கிறது என்று மட்டும் சொல்.

அத்தை


ஜூன் 17

அன்புத் தங்கைக்கு,

நீ நலமா? முட்டி எப்படி இருக்கிறது? நான் குத்துக்கல் மாதிரி இல்லை. இனிமேல் அப்படி எழுத மாட்டேன்.

குட்டி உன் கடிதத்தோடு வந்து என் முன்னால் நின்றாள். அதைப் பிரிப்பதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. நீ சொல்லிவிட்டாய், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். படித்தேன். மறுபடியும் படித்தேன். எனக்கு நீ எழுதியதும் இதே வரிதானே. பையனைக் காப்பாற்றுகிறாய் என்று நான் கத்தினேன். அதே வரி இப்போது என்னைக் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறது. வெற்று அட்டை கேட்ட மடையன் நான்.

குட்டி, 'பயமா இருக்குப்பா' என்று மட்டும் சொன்னாள். சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்று இத்தனை நாள் இருந்துவிட்டேன். அப்புறம் சொன்னேன். உன் அண்ணி என் கையை எடுத்து அவள் மடியில் வைத்துக்கொண்டாள். அது அங்கேயும் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

மருந்து தொடங்கிப் பத்து நாள் ஆகிறது. கடை முதலாளியிடமும் நானே சொல்லிவிட்டேன். வெட்டுகிற வேலையை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு, என்னை அளவெடுக்க வைத்திருக்கிறார். மனசு ஒப்பவில்லை. ஆனால் வேலை இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊருக்கு வந்தேன். உன்னைப் பார்க்காமல் போனதற்குத் திட்டாதே, உன் முகத்தில் விழிக்கத் தைரியம் இல்லை. சர்வேயர் வீட்டுக்குப் போனேன். அந்தம்மா உட்காரக்கூடச் சொல்லவில்லை, நியாயம்தான். கையை அவர்கள் மேஜை மேல் வைத்தேன். அது ஆடுகிறதை எல்லோரும் பார்க்கட்டும் என்று விட்டேன். 'உங்க பையனைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாதும்மா. எந்தங்கச்சி ஒரு வார்த்த சொல்லல. நாந்தான் பொய் சொன்னேன். என்னைப் பத்தி உங்களுக்குத் தெரியணும்னுதான் வந்தேன்' என்றேன். அந்தம்மா ரொம்ப நேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

வரும் வழியில் உன் முதலாளி வீட்டிலும் ஏறி அதையே சொல்லிவிட்டு வந்தேன். நம்பினாரா என்று தெரியவில்லை.

இந்தக் கடிதத்தைக் குட்டி எழுதித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். எறும்பு ஊர்ந்தாலும் என் எறும்பு.

அண்ணன்


ஜூன் 25

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நலமறிய ஆவல். இந்தத் தடவை நிஜமாகவே ஆவல்.

எட்டுக் குடும்பங்களில் ஐந்து இன்னும் திரும்பவில்லை. அந்தப் பெரியவரும் வரவில்லை. முதலாளி கொடுத்த மூன்று மாதம் முடிந்துவிட்டது. காலண்டரைப் பார்க்கிறார், போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. ஆனால் நேற்று ஒரு ஸ்டூல் வந்திருக்கிறது. ஒரு கால் குட்டை. உட்கார்ந்து பார்த்தேன்.

இன்று சாயங்காலம் சர்வேயர் வீட்டம்மா வந்தார். முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்று காத்திருந்தார். முறை வந்ததும் ஒரு சீட்டை மடித்தபடியே நீட்டினார். நான் மருந்தை எடுத்து, காகிதப் பையில் போட்டு, வாய் மடித்துக் கொடுத்தேன். போகும்போது, 'வர்றேம்மா' என்றார். அவர் போன பிறகு ஒரு காலிப் பெட்டியை எடுத்து, தூசி தட்டி, எண் போட்டு, சுவரைப் பார்க்க வைத்தேன்.

நீங்கள் எழுதியதையெல்லாம் படித்தேன். அது நீங்கள் உங்களைப் பற்றி எழுதியது. ஏப்ரலில் ஒரு நண்பருக்காகக் கேட்டிருந்தீர்களே, அவரைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை, இனியும் பேசப் போவதில்லை.

அண்ணியையும் குட்டியையும் கேட்டதாகச் சொல்லுங்கள். உங்கள் நண்பரையும் கேட்டதாகச் சொல்லுங்கள். மருந்தை நேரத்துக்கு எடுக்கச் சொல்லுங்கள்.

தங்கை